வியன்னா மாநாட்டுக்குப் போவோர்க்கு

வர்த்தகத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் கடல் கடந்தவர்களை நம் குடும்பங்கள் நன்கு அறியும். ஆனால், தான் செய்த ஆராய்ச்சியைக் கற்றோர் அவையில் எடுத்துரைப்பதற்காக ஐந்து நாட்கள் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பும் மாணவனோ மாணவியோ நமது வீடுகளுக்குச் சற்றுப் புதியவர். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மட்டக்களப்பிலும் ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களுக்கு இப்பொழுது இத்தகைய வாய்ப்புகள் கிட்டுகின்றன. கடிதம் வந்த அன்று வீட்டில் மகிழ்ச்சி. மறுநாள் முதற்கொண்டு கவலை. என்னென்ன பத்திரங்கள் வேண்டும், எவ்வளவு செலவாகும், எங்கே தங்குவது, எதை உண்பது என்று தாயும் தந்தையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். அவ்வினாக்களுக்கு விடையாகச் சில குறிப்புகளை இவ்வாரம் தருகின்றோம். பொதுப்படப் பேசுவதிலும் ஒரு நகரை எடுத்துக்கொண்டு பேசுவதே பயன் தரும் என்பதால், ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவை உதாரணமாகக் கொள்வோம்.

வியன்னா மாநாடுகளுக்கென்றே பேர் பெற்ற நகரம். நெப்போலியனுடைய போர்களால் குலைந்த ஐரோப்பாவின் எல்லைகளை மீண்டும் வகுப்பதற்கு அரசர்களும் மந்திரிகளும் 1814 செப்டெம்பர் தொடக்கம் 1815 ஜூன் வரை கூடியிருந்தது இங்கேதான். இன்று தூதுவர்களின் உரிமைகளை வரையறுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1961 இல் இங்கேதான் நிறைவேறியது. நியூயோர்க், ஜெனீவா, நைரோபி ஆகியவற்றுடன் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைப் பணிமனைகள் அமைந்த நான்காவது நகரமும் இதுவே. டனியூப் நதிக்கு அப்பால் 1979 இல் திறக்கப்பட்ட அப்பணிமனைக்கு அருகில், 1987 இல் ஒஸ்திரியா சென்ரர் என்னும் பெரிய மாநாட்டு மண்டபம் எழுந்தது. புவி விஞ்ஞானிகளின் ஐரோப்பிய ஒன்றியம் வசந்த காலத்தில் தன் வருடாந்தப் பேரவையைக் கூட்டுவது அம்மண்டபத்திலேயே. நிலத்தடி நீர், மண்ணரிப்பு, பருவமழை, கடலரிப்பு என்று நம் நாட்டுக்கு நேரே பயன்படும் பொருள்கள் பல அங்கே ஆராயப்படுகின்றன.

அழைப்பு மெய்தானா?

பத்திரங்களைத் தேடுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. கல்வியின் பெயரால் பணம் பறிப்பதையே தொழிலாகக் கொண்ட கூட்டங்கள் இன்று உலகெங்கும் மலிந்துவிட்டன. அவை அனுப்பும் கடிதங்களுக்குச் சில பொது இலட்சணங்கள் உண்டு. தாம் அறியாத மாணவனை 'மாண்புமிகு பேரறிஞரே' என்று புகழும். பொறியியலும் மருத்துவமும் சமய தத்துவமும் ஒரே மேடையில் ஆராயப்படும் என்று சொல்லும். கட்டுரையை அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டதாக அறிவிக்கும். உடனே கட்டணம் கேட்கும். உண்மையான கழகமோ கட்டுரைச் சுருக்கத்தைத் துறை வல்லார் பார்வைக்கு அனுப்பி, சில வாரங்கள் கழித்தே விடை தரும். சந்தேகம் தோன்றினால், சர்வகலாசாலையில் அத்துறையின் மூத்த விரிவுரையாளர் ஒருவரிடம், "இம்மாநாட்டுக்கு நீங்கள் அறிந்தவர் எவரேனும் முன்னர் போயிருக்கின்றனரா, ஐயா?" என்று கேட்டுவிடுவதே போதும். இந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றக்கூடும்.

பணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம். உண்மையான மாநாடுகள் பல, இளம் ஆராய்ச்சியாளருக்கும் வருவாய் குறைந்த நாட்டினருக்கும் பிரயாண உதவி வழங்குகின்றன. ஆனால், அவ்வுதவிக்கான விண்ணப்ப முடிவுத் திகதி, மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்னரே வந்து போய்விடும். வசந்த காலத்து மாநாட்டுக்கு முந்திய கார்த்திகை, மார்கழியிலேயே விண்ணப்பிக்க நேரிடும். உதவி கிடைக்குமா என்பது தெரியுமுன் தாயின் காப்பை அடகு வைக்க வேண்டாம். இவ்வாண்டு முடியாவிடின் அடுத்த ஆண்டும் மாநாடு நடக்கும். காப்பு மீளுமென்பதற்கு எவரும் பொறுப்பில்லை.

விசா

ஒஸ்திரியா, ஷெங்கன் உடன்படிக்கையிற் சேர்ந்த 29 நாடுகளுள் ஒன்று. லக்ஸம்பேர்க் நாட்டில் ஷெங்கன் என்னும் சிறு கிராமத்தில் 1985 இல் கைச்சாத்தான உடன்படிக்கைக்கு அக்கிராமத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இந்நாடுகள் அனைத்துக்கும் பொதுவான குறுங்கால விசா ஒன்று உண்டு. அதனைக் கொண்டு எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்களுக்கு மேற்படாது தங்கலாம். எந்த நாட்டில் முக்கிய அலுவலோ, அந்நாட்டின் தூதரகத்திடம் அல்லது அதன் சார்பில் விண்ணப்பம் ஏற்கும் நிலையத்திடமே விண்ணப்பிக்க வேண்டும்.

பிரயாணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாட்கள். பரிசீலனைக்குப் பொதுவாகப் பதினைந்து நாட்கள் எடுப்பினும், சில வேளைகளில் நாற்பத்தைந்து நாட்கள் வரை நீளும். நேரில் சமர்ப்பிப்பதற்கான திகதி பெறுவதற்கும் காத்திருக்க நேரிடுமாதலால், மூன்று மாதங்கள் முன்னரே தொடங்குதல் நன்று. கடவுச்சீட்டு பத்து வருஷங்களுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களையேனும் உடையதாகவும் இருத்தல் வேண்டும்.

இணைக்க வேண்டிய பத்திரங்களாவன: மாநாட்டின் அழைப்புக் கடிதம், கட்டுரை ஏற்கப்பட்டமைக்கான சான்று, சர்வகலாசாலை அல்லது பணியிடம் வழங்கும் விடுமுறைக் கடிதம், வங்கிக் கணக்கறிக்கை, தங்குமிடப் பதிவு, போக்குவரத்துப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத பிரயாண மருத்துவக் காப்புறுதி. விமானச் சீட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டியதில்லை. போய்த் திரும்புவதற்கான முன்பதிவு போதும். தங்குமிடத்தையும் பணம் திரும்பப் பெறக்கூடிய நிபந்தனையுடன் பதிவது புத்தி.

விசாக் கட்டணம் 2024 ஜூன் மாதம் முதல் 90 யூரோ. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் இது திரும்பி வராது. ஆனால் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. விஞ்ஞான மாநாட்டிற் பங்குபற்றச் செல்லும் ஆராய்ச்சியாளரிடம் இக்கட்டணம் அறவிடலாகாது என்று ஷெங்கன் விசாச் சட்டக்கோவையே கூறுகின்றது. விண்ணப்பிக்கும்போது தகுந்த சான்றுடன் மரியாதையாக இதனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. அதனைக் கட்ட நேரிடலாம்.

நிராகரிக்கப்பட்டால் காரணம் குறித்த படிவமொன்று தரப்படும். அதனைக் கிழித்தெறியாது பத்திரப்படுத்துக. மேன்முறையீட்டுக்கும் மறு விண்ணப்பத்துக்கும் அதுவே அடிப்படை. முந்திய நிராகரிப்பை மறைக்க முயல்வது பெருந் தவறு. விண்ணப்ப விபரங்கள் எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கத்தக்க பதிவேட்டில் ஐந்து வருஷங்கள் வரை இருக்கும். விசா கிடைத்ததும், ஒருமுறை நுழைவதற்கானதா, பலமுறை நுழைவதற்கானதா என்பதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை விசாவுடன் இலண்டனில் இருக்கும் மாமாவைப் பார்த்துவிட்டு வியன்னாவுக்கு மீள முடியாது. பிரித்தானியா ஷெங்கன் நாடன்று. அதற்கு வேறு விசாவும் வேண்டும்.

பெயர்த் தொல்லை

நம்மவர்க்கே உரிய இடர் ஒன்று பெயரிலே இருக்கின்றது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்திருக்கும். கட்டுரையில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். மாநாட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தில் மாணவன் தன் பெயரையே எழுதியிருப்பான். தந்தையின் பெயரில் அழைப்புக் கடிதமும், மகனின் பெயரில் காப்புறுதியும், இரண்டும் தலைமாறிய விமானச் சீட்டும் கையில் இருந்தால், உத்தியோகத்தர் ஐயுறுவது இயல்பே. விவாகமான பெண்களுக்கு இத்தொல்லை இருமடங்கு. ஆகவே, கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் முதல் நாளிலிருந்தே கடவுச்சீட்டில் உள்ளவாறு, எழுத்துக்கு எழுத்து, ஒரே ஒழுங்கில் பெயரை எழுதி வருக.

பெட்டியும் பிரயாணமும்

கட்டுநாயக்கவிலிருந்து செல்வோர் பெரும்பாலும் வளைகுடா நாடொன்றிலோ இஸ்தான்புல்லிலோ விமானம் மாறுவர். மாநாட்டுக்குரிய உடையொன்றையும், உரையின் பிரதியையும், அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளையும் வைத்தியரின் துண்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி ஒரு நாள் பிந்தி வரினும் காரியம் கெடாது. சுவரொட்டியாக ஆய்வை விளக்குவோர், அதனைக் கடதாசியில் அச்சிட்டுக் குழாயில் சுமப்பதிலும், துணியில் அச்சிட்டு மடித்து வைப்பது எளிது.

தாய்மார் கவனத்துக்கு ஒன்று. பாற்பொருள்களையும் இறைச்சியையும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துள் பிரயாணிகள் கொண்டுசெல்லத் தடை உண்டு; நெய்ப் போத்தலும் இதில் அடங்கும். பழம், காய், இலை ஆகியவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியான் ஆகிய ஐந்துக்கு மாத்திரமே விலக்கு. ஆகவே கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் முருங்கைக்காயும் பச்சைக் கறிவேப்பிலையும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏப்ரில் மாதத்து வியன்னா ஒரு நாள் இளவெயிலும் மறுநாள் குளிர் மழையுமாக மாறும். சில ஆண்டுகளில் பனியும் தூவும். நுவரெலியாவுக்கு எடுக்கும் மெல்லிய கம்பளிச் சட்டை மட்டும் போதாது. காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி ஒன்றும், பல மைல் நடந்து பழகிய சப்பாத்து ஒரு சோடியும் அவசியம். நமது மூன்று முனை மின்செருகி அங்குள்ள இரு துளைப் பொருத்திகளில் இறங்காது. மாற்றுச் செருகியை இங்கேயே வாங்கிச் செல்க. மின்னழுத்தம் நம் நாட்டதை ஒத்ததே.

2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில், முத்திரை குத்தும் பழைய முறைக்குப் பதிலாக, நுழைவும் வெளியேற்றமும் கணினியிற் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஒரு நாள் மேலதிகமாகத் தங்கினும் அது தானே வெளிப்படும்.

நகருக்குள்

விமான நிலையம் நகருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 18 கிலோமீற்றர் தூரத்தில் ஷ்வெஷாற் என்னும் ஊரில் இருக்கின்றது. பச்சை நிறத்துக் கடுகதி இரயில் 16 நிமிடத்தில் வீன் மித்தே நிலையத்தை அடையும். அதற்குக் கட்டணம் அதிகம், நகரப் பிரயாணச்சீட்டும் அதில் செல்லாது. 'எஸ் 7' என்னும் சாதாரண இரயில் அதே நிலையத்துக்கு 25 நிமிடமளவிற் போகும். கட்டணம் மிகக் குறைவு. ஒன்பது நிமிடத்துக்காக மாணவன் பணத்தை விரயஞ் செய்ய வேண்டுவதில்லை. அங்கிருந்து 'யு 4' நிலக்கீழ் இரயிலில் ஒரு தரிப்பிடம் சென்று ஷ்வேடன்பிளாற்ஸில் இறங்கி, லெயோபோல்டாவ் நோக்கிச் செல்லும் 'யு 1' இல் ஏறினால், ஐந்தாம் தரிப்பிடமாகிய கைஸர்மூலன் மாநாட்டு மண்டபத்துக்கு அண்மையது. தங்குமிடத்தை 'யு 1' பாதையோரம் தேடிக்கொண்டால் நேரமும் செலவும் மிஞ்சும்.

நிலையங்களில் சீட்டைப் பரிசோதிக்கும் கதவு இல்லாமை கண்டு எவரும் ஏமாற வேண்டாம். சீட்டில் நேரம் அச்சிடப்படாதிருப்பின், நுழைவாயிலில் உள்ள சிறு நீலப் பொறியில் அதனைச் செலுத்தி முத்திரை பெற வேண்டும். சாதாரண உடையில் பரிசோதகர் வருவர். முத்திரையில்லாச் சீட்டும் சீட்டின்மையே. தண்டப்பணம் நூறு யூரோவுக்கு மேல். ஒரு வாரம் தங்குவோர்க்கு ஏழு நாட் சீட்டு இலாபம். ஆனால் விமான நிலையம் நகர வலயத்துக்கு வெளியே இருப்பதால், அத்தூரத்துக்கு மேலதிகச் சீட்டு வேண்டும்.

விடுதியில் தங்குவோரின் பதிவை விடுதியாரே பார்த்துக்கொள்வர். உறவினர் அல்லது நண்பர் வீட்டில் மூன்று நாட்களுக்கு மேல் தங்குவோர், வந்து மூன்று நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் வதிவிடப் பதிவு செய்தல் ஒஸ்திரியச் சட்டம். ஆபத்துக்கு அழைக்க வேண்டிய பொது இலக்கம் 112, நோயாளர் வண்டிக்கு 144, பொலிசுக்கு 133.

உணவு

வியன்னாவில் தண்ணீர்ப் போத்தலுக்குப் பணம் கொடுப்பது வீண். அல்ப்ஸ் மலைத்தொடரின் ஊற்று நீர், 1873 இலும் 1910 இலும் அமைந்த இரு நெடுங் குழாய் வழிகளால் வீட்டுக்கு வீடு வருகின்றது. குழாயைத் திறந்து அப்படியே பருகலாம்.

சைவ உணவினர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் விழிப்பு வேண்டும். 'ஃப்ரிற்றாற்றன் சூப்' என்பதில் மெல்லிய தோசைபோன்ற அடையை நாடாவாக அரிந்து போட்டிருப்பார்கள். பார்வைக்குச் சைவம், சாறோ மாட்டிறைச்சிச் சாறு. இனிப்பு அடையாகிய 'கைஸர்ஷ்மாறன்' முட்டையின்றி இல்லை. 'வெகெற்றாரிஷ்' என்னும் சொல்லுடன் 'ஓனே ஃப்ளைஷ்', அதாவது இறைச்சி இல்லாமல், என்பதையும் மனனஞ் செய்துகொள்க. நாஷ்மார்க்ற் சந்தையில் பழங்களும் கீழைத்தேயத்து உணவுகளும் கிடைக்கும். கடைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. சனிக்கிழமை மாலையும் ஆறு மணிக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். ஞாயிறு வந்திறங்குவோர் பெரிய புகையிரத நிலையங்களில் உள்ள கடைகளையே நாட வேண்டும். விமானத்தில் வரும்போதே பாணும் பழமும் பற்றி யோசித்து வைத்தல் நன்று.

அவையிலே

இத்தனை ஆயத்தமும் எதற்காக? மேடையில் கிடைக்கும் சுமார் பத்து நிமிடத்துக்காக. ஆறு மாதத்து அலைச்சலும் குடும்பத்தின் செலவும் அப்பத்து நிமிடத்திலேயே பலன் தர வேண்டும். எனவே மாநாட்டுக்கு முதல் நாளேனும் போய்ச் சேர வேண்டும். கோடையில் அவர்கள் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி பின். குளிர்காலத்தில் நாலரை மணி. அங்கே மாலை ஏழு மணி என்றால் நம் உடலுக்கு இரவு பத்தரை. முதல் இரு நாட்களும் மாலையில் கண் சொருகும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வரும். அந்த விடியற்காலையை உரைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.

கடிகாரத்தை முன்வைத்துப் பத்து முறையேனும் உரக்கப் பேசிப் பழகுக. நேரம் முடிந்ததும் தலைவர் நிறுத்திவிடுவார். முடிவுரை சொல்லாமல் இறங்குவது விதைத்துவிட்டு அறுக்காமல் வருவதாகும். நமது ஆங்கிலம் அவர்களுக்கும், அவர்களது ஆங்கிலம் நமக்கும் புதிது. ஆதலால் மெல்லப் பேசுக. கேள்வி விளங்காவிட்டால் மீண்டும் கேட்கும்படி வேண்டுவது அவமானமன்று. விடை தெரியாவிடின் "அதனை நான் இன்னும் ஆராயவில்லை" என்று சொல்வதே அறிஞர்க்கு அழகு.

நமது பிள்ளைகளிடம் ஒரு கூச்சம் உண்டு. ஆசிரியர்முன் வாய் திறவாமையை நாமே மரியாதையென்று பழக்கிவிட்டோம். அங்கே அம்மௌனத்தை அக்கறையின்மை என்று கொள்வர். எந்த நூலாசிரியரின் கட்டுரையைப் படித்து ஆய்வு செய்தோமோ, அவர் தேநீர் வேளையில் பக்கத்திலேயே நிற்கக்கூடும். இரண்டு வாரம் முன்னரே அவருக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதி, ஐந்து நிமிடம் சந்திக்க அனுமதி கேட்டுவைத்தால், கூச்சம் பாதி தீரும். மேற்படிப்புக்கான இடமும் உபகாரச் சம்பளமும் பல வேளைகளில் இத்தகைய ஐந்து நிமிடப் பேச்சிலேயே முளைவிடுகின்றன.

ஒழிந்த அரை நாள் கிடைத்தால், 1365 இல் நிறுவப்பட்ட சர்வகலாசாலையைப் பார்க்கலாம். வடமொழி அறிஞர் ஜியோர்ஜ் பூலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கற்பித்தது அங்கேதான். 1891 இல் திறந்த கலை வரலாற்று நூதனசாலையில் ப்ரூகல் என்னும் ஓவியரின் சித்திரங்கள் வேறெங்கும் இல்லாத அளவில் உள்ளன. கால் கடுத்தால் கோப்பிக் கடையொன்றில் அமரலாம். ஒரு கிண்ணக் கோப்பியுடன் ஒரு குவளைத் தண்ணீரும் வரும். எவ்வளவு நேரம் இருந்து வாசித்தாலும் எழும்பச் சொல்லார்.

திரும்பிய பின்

விசா முடியுமுன் திரும்புதல் சட்டம் மாத்திரமன்று. அடுத்து விண்ணப்பிக்கும் மாணவனுக்குச் செய்யும் உபகாரமுமாகும். ஒருவர் வாக்குத் தவறினால், அதே கலாசாலையின் கடிதத்துடன் பின்னர் செல்பவர் முகத்தில் சந்தேகக் கண் விழும். ஒருவர் ஒழுங்காய்ப் போய் வந்தால் பின்னவர் வழி இலகுவாகும்.

இன்னும் ஒன்று செய்யலாம். விண்ணப்பப் படிவத்தின் பிரதி, கடிதங்களின் மாதிரி, உண்மையிற் சென்ற செலவுக் கணக்கு, தங்கிய இடத்தின் குணதோஷம் ஆகியவற்றை ஒரு கோவையிலிட்டுத் தம் துறை நூலகத்தில் வைத்துவிட வேண்டும். கடவுச்சீட்டு இலக்கத்தையும் வங்கி விபரத்தையும் மறைத்துவிட்டால் போதும். கொழும்பில் உற்றார் இல்லாத கிராமத்து மாணவி ஒருத்தி அடுத்த ஆண்டு அக்கோவையைத் திறந்து பார்ப்பாள். எவரிடமும் கைகட்டி நில்லாமல், தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புவாள்.